டமாக்சிஃபென் எடுப்பவர்கள் கருப்பையைக் கவனிக்கும் முறை

மாதவிடாய் நின்றுபோன பிறகு மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரையை எடுத்துவரும் பெண்ணுக்கு உள்ளாடையில் ஒரு பழுப்புக் கறை தெரிந்தால், அது ஒரே ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும், அந்த வாரத்திலேயே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இந்த மருந்தால் கருப்பையில் வரக்கூடிய பெரிய தொல்லை ஏறக்குறைய எப்போதும் இரத்தக் கசிவின் மூலம்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதுவும் சீக்கிரமே காட்டும். கசிவைப் பார்த்தவுடன் போனவர்களுக்குப் பெரும்பாலும் சிறிய சிகிச்சையிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

மார்புக்கு நல்லது செய்யும் மருந்து கருப்பையை ஏன் தொந்தரவு செய்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து அமரும் இடத்தில் டமாக்சிஃபென் முந்திப் போய் அமர்ந்து, அதற்கு இடம் கொடுக்காமல் தடுக்கிறது. கருப்பையிலும் அதே இடத்தில்தான் அமர்கிறது. ஆனால் அங்கே சும்மா இருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனின் வேலையை அரைகுறையாகத் தானே செய்கிறது. அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கலாம், பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி வரலாம், சிலருக்குச் செல்கள் மிகையாகப் பெருகலாம், மிகச் சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறலாம்.

எத்தனை பேருக்கு? 1998இல் வெளியான பெரிய அமெரிக்கத் தடுப்பு ஆய்வில், ஆண்டுக்கு 1,000 பெண்களில் டமாக்சிஃபென் எடுத்தவர்களில் சுமார் 2.3 பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 0.9 பேருக்கும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்தது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் அபாயம் சுமார் நான்கு மடங்காக இருந்தது. அதற்குக் கீழான வயதில் குறிப்பிடும்படியான உயர்வு இல்லை. மருந்தை 5 ஆண்டுக்குப் பதில் 10 ஆண்டு எடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த அட்லஸ் ஆய்வில், ஐந்தாம் ஆண்டு முதல் பதினான்காம் ஆண்டு வரை அந்த நோய் வந்தவர்கள் 5 ஆண்டோடு நிறுத்தியவர்களில் 1.6 விழுக்காடு, தொடர்ந்தவர்களில் 3.1 விழுக்காடு. இதை மறுபக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில், 5 ஆண்டு டமாக்சிஃபென் அந்நோயால் வரும் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. ஆகவே கசிவைக் கண்டு பயந்து மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் சொல்லட்டும்.

மாத்திரை தொடங்குமுன்

தினமும் 20 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுக்கும் நாளிலேயே சில விவரங்களைச் சொல்லிவிடுங்கள். முன்பு கருப்பையில் பாலிப் இருந்ததா, மாதவிடாய் நின்றபின் எப்போதாவது இரத்தம் பட்டதா, நீரிழிவு உண்டா, உடல் எடை அதிகமா, குழந்தைப்பேறு இல்லையா, சினைப்பை நீர்க்கட்டித் தொந்தரவு இருந்ததா, தாய், சகோதரி, தாய்மாமன் என இரத்த உறவில் யாருக்காவது இளவயதில் குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்ததா. கடைசிக் கேள்வி முக்கியமானது. லிஞ்ச் சின்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களில் இவ்விரண்டும் அதிகமாக வரும். ஏற்கெனவே பாலிப் இருந்தவர்களுக்கும் தெளிவில்லாத கசிவு இருந்தவர்களுக்கும் மருந்து தொடங்குமுன் ஒரு ஸ்கேன் எடுத்து வைப்பதில் பொருள் உண்டு. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

எடையும் சர்க்கரையும் உங்கள் கையில் உள்ளவை. கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குவதால், எடை கூடக் கூடக் கருப்பைக்கு இரட்டைத் தூண்டல் கிடைக்கிறது. மாத்திரையோடு தினசரி நடையையும் தொடங்குவது நல்லது.

கறையைப் படிப்பது

டமாக்சிஃபெனில் வெள்ளைப்படுவது மிகச் சாதாரணம். நிறமில்லாமலோ பால் போலவோ, வாடையின்றி, நீர்த்தாற்போல் வந்தால் கவலை வேண்டாம். பருத்தி உள்ளாடையும் வாசனை சேர்க்காத பேண்டி லைனரும் போதும். உட்புறம் கழுவும் வாசனைத் திரவங்களை விட்டுவிடுங்கள், அவை எரிச்சலைத்தான் கூட்டும். தயிர்த் திரள் போல வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியாத் தொற்று. இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இளஞ்சிவப்பு, சிவப்பு, பழுப்பு, காப்பித்தூள் நிறம், இறைச்சி கழுவிய தண்ணீர் போன்ற நிறம் ஆகிய அனைத்தும் இரத்தம்தான். வெள்ளைத் துணியில் அல்லது திசுத்தாளில் துடைத்துப் பார்த்தால் நிறம் சரியாகத் தெரியும். கறுப்பு உள்ளாடையில் பழுப்புக் கறை கண்ணில் படாது. சிறுநீரிலிருந்து வருகிறதா, மூலத்திலிருந்து வருகிறதா என்று குழப்பமிருந்தால் முன்னும் பின்னும் தனித்தனித் தாளால் துடைத்துப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் கருப்பையிலிருந்து என்றே எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கைப்பேசியில் ஒரு குறிப்புப் பக்கம் திறந்து, தேதி, நிறம், எத்தனை பேட், வலி, உடலுறவுக்குப் பின் வந்ததா ஆகியவற்றை எழுதிவையுங்கள். கறையைப் படம் எடுத்து வைத்தாலும் தவறில்லை. மருத்துவரைப் பார்க்கும் தேதி வருமுன் கசிவு நின்றுவிடுவது வழக்கம். நின்றுவிட்டதே என்று சந்திப்பை ரத்து செய்வதுதான் நாம் அதிகம் காணும் தவறு. பாலிப் விட்டு விட்டுத்தான் கசியும். புற்றுநோயும் அப்படித்தான்.

நம் வீடுகளில் இன்னொரு தடை இருக்கிறது. கோயிலுக்குப் போகும் நாளில், தீபாவளி நெருங்கும் நேரத்தில், தீட்டு என்று சொல்லக் கூச்சப்பட்டு மூத்த பெண்கள் கறையை மறைத்துவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு மகனோ மருமகனோ துணைக்கு வந்தால் அவர் முன்னால் வாயே திறப்பதில்லை. அம்மாவை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் ஒன்று செய்யலாம்: மருத்துவர் அறைக்குள் போனதும் “நான் வெளியே இருக்கிறேன்” என்று சொல்லி அம்மாவைத் தாதியிடம் ஐந்து நிமிடம் தனியாக விடுங்கள். மொழி தடையென்றால் தமிழ் பேசும் பெண் ஊழியர் ஒருவரைக் கேளுங்கள்.

யாரிடம், எப்படிச் சொல்வது

முதல் அழைப்பு உங்கள் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு. சிங்கப்பூரில் அவுட்ரம் தேசியப் புற்றுநோய் நிலையமோ, கேகே மருத்துவமனையோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையோ, எங்கே என்றாலும் மார்பகச் சிகிச்சைத் தாதியின் எண் உங்கள் சந்திப்புக் கடிதத்தில் இருக்கும். அவரிடம் “போஸ்ட்மெனோபாசல் பிளீடிங், ஆன் டமாக்சிஃபென்” என்று இந்த நான்கு ஆங்கிலச் சொல்லையும் அப்படியே சொல்லுங்கள். “கொஞ்சம் பட்டது” என்று சொன்னால் சந்திப்பு மாதக் கணக்கில் தள்ளிப்போகலாம். சரியான சொல் முன்னுரிமை வாங்கித்தரும்.

அடுத்த ஆண்டுதான் புற்றுநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, தாதியின் எண்ணும் கிடைக்கவில்லை என்றால், பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து மகளிர் நோய் மருத்துவருக்குக் கொடுக்கும் பரிந்துரைக் கடிதத்தால் மானியக் கட்டணம் கிடைக்கும்; தனியார் மருந்தகத்திலிருந்து நேரடியாகப் போனால் பெரும்பாலும் தனியார் நோயாளிக் கட்டணம்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது தலை சுற்றி மயக்கம் வந்தால், காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அக்கம்பக்க மருந்தகத்தில் இரத்தத்தை நிறுத்த மாத்திரை கேட்காதீர்கள். அதிக உதிரப்போக்குக்குப் பொதுவாகத் தரப்படும் இரண்டு மருந்துகளும் உங்களுக்குச் சிக்கலானவை. டிரானெக்சாமிக் ஆசிட் இரத்தம் உறைவதைக் கூட்டும். டமாக்சிஃபெனுக்கே கால் இரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் இரத்தக்கட்டி உண்டாக்கும் தன்மை உண்டு. நோரெதிஸ்டிரோன் ஒரு ஹார்மோன். ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. மாதவிடாய் நின்ற தொந்தரவுகளுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரைகள், டிபோலோன் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். எந்த மருத்துவர் முன்னால் அமர்ந்தாலும் முதல் வாக்கியம் “எனக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது, டமாக்சிஃபென் எடுக்கிறேன்” என்பதாக இருக்கட்டும். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

அறிகுறி ஒன்றும் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் கருப்பை ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். பணம் மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. டமாக்சிஃபென் உட்சுவருக்கு அடியிலுள்ள திசுவையும் வீங்கச் செய்வதால், ஸ்கேனில் உட்சுவர் தடித்து, சிறுசிறு நீர்க்குமிழிகளோடு சல்லடை போலத் தெரியும். மருந்து எடுக்காத, மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் கசிவு வந்தால் 4 மில்லிமீட்டருக்கு மேற்படாத உட்சுவர் ஆறுதலான அளவு. டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லாமலே அது 8, 10, 12 என்று காட்டும். அதைப் பார்த்துப் பதறித் தேவையில்லாத பயாப்சி (திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை), தேவையில்லாத மயக்க மருந்து என்று போனவர்கள் நிறைய. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமான ஸ்கேன் பயன் தருவதில்லை என்றே சொல்கிறது.

கசிவு வந்துவிட்டால் கதை வேறு. அப்போது ஸ்கேன் அளவு சிறியதாக வந்தாலும் அதோடு நின்றுவிடக் கூடாது, திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். “ஸ்கேன் நார்மல்” என்று அனுப்பினால், “டமாக்சிஃபென் எடுக்கிறேன், பயாப்சி வேண்டாமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கருப்பைவாய்ப் பரிசோதனையை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஸ்கிரீன் ஃபார் லைஃப் திட்டத்தில் 25 முதல் 29 வயது வரை 3 ஆண்டுக்கு ஒருமுறை பேப் பரிசோதனையும், 30 முதல் 69 வயது வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹெச்பிவி பரிசோதனையும் செய்கிறார்கள். அவற்றை விடாமல் செய்துகொள்ளுங்கள். ஆனால் அவை கருப்பையின் வாயைத்தான் பார்க்கும். உட்சுவர் அவற்றின் எல்லைக்குள் வராது. “பேப் சரியாக இருக்கிறது” என்ற முடிவு கசிவுக்குப் பதில் ஆகாது.

பயாப்சியும் ஹிஸ்டெரோஸ்கோப்பியும்

ஸ்கேன் பெரும்பாலும் யோனி வழியாக நடக்கும். சிறுநீர் கழித்துவிட்டுப் போனால் போதும். அசௌகரியம்தான், வலி குறைவு. யோனி வறண்டிருந்தால் கூடுதல் ஜெல் தடவச் சொல்லுங்கள்.

பிப்பெல் பயாப்சி வெளிநோயாளிப் பிரிவிலேயே நடக்கும். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளாஸ்டிக் குழாயைக் கருப்பைக்குள் விட்டு உறிஞ்சித் திசு எடுப்பார்கள். ஓரிரு நிமிடம் மாதவிடாய் வலி போலப் பலமாகச் சுண்டி இழுக்கும். ஒரு மணி நேரம் முன்பாகப் பாராசிட்டமால் 1 கிராம் அல்லது ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், உணவோடு, எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் ஐபுப்ரோஃபெனைத் தவிர்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. குழாய் கண்ணில்லாமல் உறிஞ்சுகிறது. பாலிப் ஒரு மூலையில் தொங்கினால் அதைத் தொடாமலே வெளியே வந்துவிடும். டமாக்சிஃபெனால் வரும் பாலிப்கள் நார் நிறைந்து கெட்டியாக இருப்பதால் உறிஞ்சினாலும் வராமல் போகலாம். “போதிய திசு இல்லை” என்று முடிவு வந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவு நார்மல் என்று வந்தும் கசிவு தொடர்ந்தால் அடுத்த கட்டமாகக் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும்.

அதுதான் ஹிஸ்டெரோஸ்கோப்பி. மெல்லிய கேமராவை உப்புநீரோடு உள்ளே செலுத்தி நேரில் பார்த்து, பாலிப் இருந்தால் அங்கேயே வெட்டி எடுப்பார்கள். மயக்கமில்லாமலும் செய்யலாம், முழு மயக்கத்தில் டே சர்ஜரியாகவும் செய்யலாம். கருப்பைவாய் இறுகிப்போன மூத்த பெண்களுக்கும் பாலிப் பெரிதாக இருப்பவர்களுக்கும் மயக்கமே வசதி. டே சர்ஜரி என்றால் சொன்ன நேரத்திலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது, வீட்டுக்கு அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். டமாக்சிஃபெனையும் அதன் இரத்தக்கட்டி அபாயத்தையும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நினைவூட்டுங்கள். செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு பயன்படும்; தேதி குறிக்கும்போதே நிதி ஆலோசனை கேட்டால் எவ்வளவு கழியும் என்று எழுதித் தருவார்கள். கை நெருக்கடி என்றால் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்கக் கேளுங்கள். கட்டணத்துக்குப் பயந்து தேதியைத் தள்ள வேண்டாம்.

செய்தபின் சில நாள்கள் லேசான கசிவு இருக்கும். சுமார் ஒரு வாரத்துக்கு டாம்பான், உடலுறவு, நீச்சல் மூன்றும் வேண்டாம். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, மாத்திரைக்கும் அடங்காத வயிற்றுவலி, பேட் நிறைந்து வழியும் இரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே திரும்பிப் போங்கள்.

முடிவு வந்தபின்

சாதாரண பாலிப் என்றால் எடுத்ததோடு முடிந்தது. டமாக்சிஃபெனைப் பெரும்பாலும் தொடரலாம், மறுபடி கசிந்தால் மறுபடி பார்க்க வேண்டும். செல் பெருக்கம் என்று வந்தால் “அட்டிபியா” (செல்களின் தோற்றம் இயல்பு மாறியிருப்பது) என்ற சொல் இருக்கிறதா என்று அறிக்கையில் தேடுங்கள். அது இல்லாத பெருக்கம் மெதுவானது. மருந்தை மாற்றலாமா என்று புற்றுநோய் மருத்துவரும் மகளிர் நோய் மருத்துவரும் பேசி முடிவெடுப்பார்கள். வழக்கமாக இதற்குத் தரும் புரோஜெஸ்டின் மாத்திரையும், மிரீனா போன்ற ஹார்மோன் வளையமும் மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கு எளிதில் தரக்கூடியவை அல்ல. அட்டிபியா உள்ள பெருக்கம் புற்றுநோய்க்கு முந்தைய படி. அதற்குக் கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் பரிந்துரை. புற்றுநோயே என்றாலும், கசிவின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அது பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும், அறுவைச் சிகிச்சையே முதன்மைச் சிகிச்சை. கருப்பைச் சார்க்கோமா என்ற தீவிர வகை மிக அரிது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு டமாக்சிஃபெனுக்குப் பதில் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் இவற்றில் ஒன்றுக்கு மாறும் வழி உண்டு. இவை உட்சுவரைத் தூண்டுவதில்லை. எலும்பு தேய்வதும் மூட்டுவலியும் இவற்றின் விலை, எனவே மாறுமுன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பார்கள். இவற்றில் இருக்கும்போது கசிந்தாலும் “இந்த மருந்து கருப்பையைத் தொடாது” என்று விட்டுவிடாதீர்கள், அதையும் பரிசோதிக்க வேண்டும். இவற்றால் யோனி மிகவும் வறண்டு எரியும். ஹையலுரானிக் ஆசிட் உள்ள ஈரப்பத ஜெல்லை வாரம் இரண்டு மூன்று முறை இரவில் உள்ளே வைத்துக்கொள்ளலாம். உடலுறவின்போது தண்ணீர் அல்லது சிலிகான் வழுக்கும் ஜெல் தனியாக. தேங்காய் எண்ணெய் ரப்பர் ஆணுறையைக் கிழித்துவிடும். யோனியில் போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை நீங்களாக வாங்காதீர்கள்.

மாதவிடாய் இன்னும் நிற்காதவர்கள்

இவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயம் பெரிதாகக் கூடுவதில்லை, வழக்கமான மகளிர் பரிசோதனை போதும். மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம், சினைப்பையில் நீர்க்கட்டி வரலாம். இரண்டு மாதவிடாய்க்கு இடையில் கசிவு, முன்பைவிட அதிக உதிரம், உடலுறவுக்குப் பின் இரத்தம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

மாதவிடாய் வராவிட்டாலும் கரு தரிக்கலாம். டமாக்சிஃபென் கருமுட்டையை வெளிவரத் தூண்டக்கூடியது. கருவுக்குக் கெடுதலும் செய்யும். ஹார்மோன் இல்லாத தடுப்பாக ஆணுறை அல்லது செம்புக் காப்பர்-டி பயன்படுத்துங்கள். கருத்தடை மாத்திரை வேண்டாம். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மாத்திரையை நிறுத்துமுன்பே மருத்துவரிடம் பேசுங்கள், நிறுத்தியபின் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

மற்ற மருந்துகள், மூலிகைகள்

சீன மருந்துக் கடையில் சூப்புக்கு வாங்கும் டாங் குவாய், தேக்கா நாட்டு மருந்துக்கடையில் “பெண்களுக்கு நல்லது” என்று தரும் சூரணங்கள், ரெட் குளோவர் மாத்திரை ஆகியவற்றில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யக்கூடியவை உண்டு. மருத்துவரிடம் காட்டாமல் வேண்டாம். டோஃபுவும் சோயா பாலும் சாப்பாட்டு அளவில் பயப்பட வேண்டியவை அல்ல, செறிவூட்டிய சோயா மாத்திரைதான் வேண்டாம். உடல் திடீரென்று தகித்து வேர்ப்பதற்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை தரும் மருத்துவரிடமும் டமாக்சிஃபெனைச் சொல்லுங்கள்: பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் இரண்டும் டமாக்சிஃபென் கல்லீரலில் செயல்படும் மருந்தாக மாறுவதைத் தடுக்கும்.

மருந்தை முடித்தவர்களுக்கும் கருப்பை அபாயம் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை, சில ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே மருந்தின் பெயர், தொடங்கிய மாதம், முடித்த மாதம், செய்துகொண்ட பயாப்சிகளின் தேதியும் முடிவும் ஒரே தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். ஊருக்குப் போகும்போதும் எடுத்துச் செல்லுங்கள். நான்கு ஆண்டு கழித்து ஒரு கறை பட்டு, உங்களை முன்பின் பார்க்காத மருத்துவர் ஒருவர் முன் அமரும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.